மனநல மருத்துவர்களின் சி.எம்.இ.: பதிவு மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனநல மருத்துவர்கள் முப்பது நாற்பது பேர் கூடும் சிறிய கல்விக் கூட்டம் ஒன்றில் பதிவு மேசை என் பொறுப்பு. கேட்டு வாங்கிய பதவி இல்லை. ஒருமுறை நான் மட்டும் பேனா கொண்டுபோயிருந்ததால் வந்து ஒட்டிக்கொண்டது. கையெழுத்துப் போடக் குனிகிறவர்கள் நிமிர்வதற்குள் ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். ஆண்டுகள் போனாலும் கேள்விகள் மாறவில்லை. ஆகவே அவரவர் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன்; கேட்டவர் இன்னார் என்று தெரியக்கூடிய இடங்களை மட்டும் மழித்துவிட்டேன்.

"எம்.பி.பி.எஸ்., எம்.டி. எல்லாம் முடித்தாயிற்று. இன்னும் என்ன சார் படிப்பு?"

சி.எம்.இ. என்று நாம் சுருக்கிச் சொல்வது தொடர் மருத்துவக் கல்வி. பட்டம் வாங்கிய பிறகு, தொழில் செய்யும் காலம் முழுவதும், கூட்டம், பயிலரங்கு, மாநாடு என்று படித்துக்கொண்டே இருப்பது. தேர்வு கிடையாது, அதனால்தானோ என்னவோ பலருக்கு இதன் மேல் பயமும் கிடையாது, மரியாதையும் கிடையாது.

ஏன் தேவை என்பதற்கு ஒரே ஒரு மருந்தைச் சொல்கிறேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சிடலோபிராம் ஒரு காலத்தில் நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வரை எழுதப்பட்டது. அந்த அளவில் அது இதயத் துடிப்பின் லயத்தைக் குலைக்கக்கூடும் என்று தெரிந்ததும், 2011-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 40-க்கு மேல் போகாதீர்கள் என்று எச்சரித்தது. மறு ஆண்டு, 60 வயதைக் கடந்தவர்களுக்கு 20-ஐத் தாண்ட வேண்டாம் என்றது. 2008-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்து அன்றே புத்தகத்தை மூடிவைத்தவர், இன்றும் எழுபது வயதுப் பாட்டிக்குப் பழைய அளவையே எழுதிக்கொண்டிருப்பார். பதக்கம் பாட்டியின் இதயத்தைக் காப்பாற்றாது.

"ஐந்து வருடத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்."

முப்பது. இந்திய மருத்துவ கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த தொழில் நெறி விதிகள், ஐந்தாண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் இத்தகைய கூட்டங்களில் பங்கேற்க வேண்டும் என்கின்றன. வருடத்துக்கு ஆறு மணி நேரம். இரண்டு கல்யாண வரவேற்புகளில் மேடையேற வரிசையில் நிற்கிற நேரம்தான்.

ஆளுக்கு ஒன்று சொல்வதற்கும் காரணம் உண்டு. 2020 செப்டம்பரில் அந்த கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆணையம் 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் புதிய நெறி விதிகளை அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் அவற்றை நிறுத்திவைத்தது. 2002 விதிகள் மறுபடி நடைமுறைக்கு வந்தன. இடைப்பட்ட மூன்று வாரத்தில் வாட்ஸ்அப்பில் பறந்த கோப்பைச் சிலர் இன்னும் கைபேசியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நம் பெயர் பதிவாகியிருப்பது அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில். சந்தேகம் வந்தால் அவர்களுடைய கடைசிச் சுற்றறிக்கையைப் பாருங்கள். பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்காதீர்கள்.

"நான் சென்னைக்குப் புதிது. எங்கெங்கே நடக்கிறது?"

கீழ்ப்பாக்கத்தில் தொடங்குங்கள். 1794-ல் உருவாகி, 1871 முதல் இப்போதுள்ள வளாகத்தில் இயங்கும் அரசு மனநலக் காப்பகம், சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த கற்பிக்கும் மருத்துவமனையும்கூட. இந்த ஊரின் மனநல மருத்துவர்களில் பெரும்பாலானோர் எப்போதாவது அந்த மரத்தடிகளில் நடந்தவர்கள்தான். ஊரில் ஒருவரைக் கேலி செய்ய அந்தப் பேட்டையின் பெயர் போதும் என்பது வேறு கதை. அங்கே ஒரு கூட்டத்துக்குப் போக ஆட்டோவில் ஏறி இடத்தைச் சொன்னேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னை ஒரு நிமிடம் அளந்துவிட்டு, "யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்று மிக மென்மையாகக் கேட்டார்.

அந்த மருத்துவமனையைப் பல ஆண்டுகள் நிர்வகித்த டாக்டர் சாரதா மேனன்தான் 1984-ல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பை நிறுவியவர். மனச்சிதைவு பற்றிய அதன் சர்வதேச மாநாட்டுக்கு வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்த அமைப்பு இருக்கும் அண்ணா நகரிலேயே குடியிருந்துகொண்டு போகாதவர்களும் இருக்கிறார்கள். 1947-ல் தொடங்கிய இந்திய மனநல மருத்துவ சங்கத்துக்குத் தேசிய மாநாடு, தென்மண்டல மாநாடு, மாநிலக் கிளை மாநாடு என்று மூன்று அடுக்கு உண்டு. புதியவர்களுக்கு நான் மாநிலக் கிளையையே சொல்வேன். கூட்டம் குறைவு, பேசியவரை மதிய உணவு வரிசையில் மடக்கிக் கேள்வி கேட்கலாம்.

"கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினால் யாருக்குத் தெரியப்போகிறது?"

எனக்குத் தெரியும். ஒரு மழைக்கால ஞாயிறு, தாளில் முப்பத்தெட்டுக் கையெழுத்துகள். அரங்கில் எண்ணினால் இருபத்தொரு தலைகள். பொங்கல் பாத்திரம் மட்டும் காலி. அதில் ஒருவர் தனக்கும் நண்பருக்குமாக இரண்டு பெயருக்கும் ஒரே சாய்வில் கையெழுத்திட்டிருந்தார். நோயாளியின் கையெழுத்திலிருந்து கை நடுக்கத்தைக் கண்டுபிடிக்கிற கூட்டத்தில் இப்படி ஒரு துணிச்சல்.

அதன் பிறகு உள்ளே வரும்போது ஒன்று, முடியும்போது ஒன்று என இரண்டு கையெழுத்து வாங்குகிறோம், சான்றிதழ் கடைசியில்தான். பள்ளிக்கூடம் போல் இருக்கிறது என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஒருவர் இல்லாத நேரத்துக்குச் சான்று கொடுப்பது பொய்ச் சான்றிதழ். நோயாளி கேட்டால் கொடுக்க மாட்டோம் அல்லவா?

"வீட்டிலிருந்தே ஆன்லைனில் கேட்டால் கணக்கில் சேருமா?"

நடத்துபவர்கள் மருத்துவ கவுன்சிலிடம் அந்த நிகழ்ச்சிக்குக் கிரெடிட், அதாவது மணிக்கணக்கில் சேர்க்கும் அங்கீகாரம், வாங்கியிருந்தால் சேரும். அழைப்பிதழில் "கிரெடிட் உண்டு" என்று மொட்டையாக இருந்தால் நம்பாதீர்கள். எந்த கவுன்சில், எத்தனை மணி என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

கணக்கில் சேர்வது ஒரு பக்கம், தலையில் சேர்வது இன்னொரு பக்கம். 2025-ல் ஒரு நண்பர் உற்சாகமாகக் கூப்பிட்டு, "க்ளோசபினுக்கு இனி ரத்தப் பரிசோதனையே வேண்டாமாம்" என்றார். கேமராவை அணைத்துவிட்டு, புறநோயாளிகளைப் பார்த்தபடியே ஒரு காதில் கேட்ட உரையின் பலன் இது. நடந்தது வேறு. க்ளோசபின் மனச்சிதைவுக்கான மருந்து; ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால்தான் பரிசோதனை. பரிசோதனை முடிவைப் பதிவு செய்தால்தான் மருந்து என்று அமெரிக்காவில் இருந்த கட்டாயத் திட்டத்தை அந்த நாட்டு நிர்வாகம் விலக்கிக்கொண்டது. வெள்ளணுக்களைக் கண்காணிக்க வேண்டும் என்ற மருத்துவ அறிவுரை அப்படியேதான் இருக்கிறது. பாதி கேட்பதைவிட அன்றைக்குத் தூங்கியிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

"தனியாகக் கிளினிக் நடத்துகிறேன். ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. நான் என்ன செய்வது?"

மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு நடைபாதையில் ஒரு சக மருத்துவர் எதிர்ப்படுவார். "இந்த நோயாளியைக் கொஞ்சம் பார்" என்று சொல்லலாம். தனிக் கிளினிக்கில் அந்த நடைபாதை இல்லை. பத்து ஆண்டுகள் யாரும் தன் மருந்துச் சீட்டைப் பார்க்காமலேயே ஒருவர் தொழில் செய்துவிட முடியும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு மே மாதம் என் கண் திறந்தது. மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தில் பல வருடமாக நிதானமாக இருந்த ஒருவர் கை நடுங்க, நாக்குக் குழற வந்தார். கத்திரி வெயிலில் தெருத் தெருவாகச் சரக்கு இறக்குகிற வேலை. முதுகுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டிருக்கிறார். உடம்பில் நீர் வற்றினாலும் லித்தியத்தின் அளவு ஏறும், அந்த வகை வலி மாத்திரையாலும் ஏறும், இரண்டும் சேர்ந்துகொண்டன. நல்லவேளை, பிழைத்தார். அன்று இரவு அலமாரியிலிருந்து லித்தியம் சாப்பிடுகிற எல்லோருடைய கோப்புகளையும் தரையில் பரப்பி, கடைசியாக மருந்தின் ரத்த அளவு, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்த தேதிகளைத் தேடினேன். எத்தனை கோப்பில் தேதி இல்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதனால் தனியாக இருப்பவர்களுக்கு என் யோசனை இதுதான்: ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு உங்கள் கோப்புகளை நீங்களே தணிக்கை செய்யுங்கள். பக்கத்துப் பேட்டைகளில் நான்கு பேராகச் சேர்ந்து மாதம் ஒரு மாலை, ஒரு கட்டுரை, ஒரு நோயாளி என்று பேசுங்கள். சங்கத்தின் இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி, தென்மண்டலக் கிளையின் இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கலாஜிகல் மெடிசின் இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். இதற்கெல்லாம் கிரெடிட் வராது. இரண்டாவது கேள்வியில் சொன்ன முப்பது மணியைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

"மருந்து கம்பெனி டிக்கெட் எடுத்துத் தருகிறது. போகலாமா?"

கூடாது. பயணம், தங்கும் செலவு, பரிசு எதையும் மருந்து நிறுவனங்களிடமிருந்து மருத்துவர்கள் வாங்கக் கூடாது என்று அந்த 2002 விதிகளிலேயே 2009 டிசம்பரில் திருத்தம் வந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மருத்துவர்களுக்குக் கொடுக்கும் இலவசங்களை நிறுவனங்கள் தொழில் செலவாகக் காட்டி வரிச் சலுகை கேட்க முடியாது என்றது. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறை, வெளிநாட்டில் இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்துவதையே தடுத்தது.

"ஒரு விமான டிக்கெட்டுக்காக நான் மருந்தை மாற்றி எழுதுவேனா?" என்று கேட்பார்கள். நான் மாற்றி எழுதியிருக்கிறேன். இளம் வயதில் ஒரு நட்சத்திர ஹோட்டல் கூட்டத்துக்குப் போய்வந்த பிறகு, அந்த நிறுவனத்தின் மாத்திரைப் பெயர் என் பேனாவிலிருந்து தானாக விழ ஆரம்பித்தது. அதைவிட மலிவான நிறுவனத்தின் அதே மருந்து அதே கடையில் இருந்தது. கவனித்துச் சொன்னவர் மருந்துக் கடைக்காரர்தான்.

"நான் டாக்டர் இல்லை, நோயாளியின் அக்கா. எங்கள் டாக்டர் இப்போதும் படிக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

ஒரே ஒருவர் கேட்ட கேள்வி இது, அதுவும் அரங்கு வாசலில். ஆனாலும் சேர்த்துவிட்டேன், நல்ல கேள்வி. பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். மற்றதை நேரில்தான் பார்க்க வேண்டும். "இந்த மாத்திரைக்கு என்ன பரிசோதனை எடுக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். எடை, இடுப்பளவு, சர்க்கரை பற்றி அவராகவே கேட்டால் மிகவும் நல்லது. கேள்வி கேட்டதற்குக் கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

"ஐ.சி.டி. 11 வந்துவிட்டது. பழைய பெயர்களையே எழுதிக்கொண்டிருந்தால் தப்பா?"

உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நாம் மனப்பாடம் செய்த மனச்சிதைவின் உட்பிரிவுகள் போய்விட்டன. விளையாட்டு அடிமைத்தனம் உள்ளே வந்தது. பெயர் மாற்றங்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு போதும்.

நின்று யோசிக்க வேண்டியது நீடித்த துக்கம் என்ற புதிய நோயைத்தான். இறப்புக்குப் பின் ஆறு மாதமாவது கடுமையாகத் தொடர வேண்டும் என்கிறது ஐ.சி.டி. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம். கையேட்டின் 2022 பதிப்பு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. நோயாளியின் பண்பாட்டு வழக்கத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதும் வரையறையிலேயே இருக்கிறது. நம்மிடம் துக்கத்துக்கு ஏற்கெனவே ஒரு நாட்காட்டி உண்டு: பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம், தலைத் தீபாவளி போல் வந்து நிற்கும் தலைத் திவசம். கணவரை இழந்த ஒரு பெண்மணி பதினோராவது மாதம் என்னிடம் வந்தார். தூக்கமில்லை, சாப்பாடில்லை. "வருஷம் திரும்பட்டும், பார்க்கலாம்" என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது எதுவரை ஆறுதல், எங்கிருந்து அலட்சியம் என்பதைப் பிரித்துப் பார்க்க எந்த ஸ்லைடும் கற்றுத் தராது. நான்கு சக மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசினால் கொஞ்சம் புரியும்.

"ஒவ்வொரு வருடமும் சட்ட வகுப்பு வைக்கிறீர்களே, சலிப்பாக இல்லையா?"

வைக்கத்தான் வைப்போம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகியது நம் மாநிலத்தில்தான். அன்று 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் புத்தகத்தில் இருக்கத்தான் இருந்தது. 2017-ல் நிறைவேறி 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை வெளிப்படையாகவே தடை செய்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் மின் அதிர்வு சிகிச்சை கொடுப்பதும் குற்றம்.

தடுமாற்றம் வருவது 89-ஆவது பிரிவில். விருப்பமில்லாதவரைச் சேர்ப்பதற்கு வீட்டார் கையெழுத்து மட்டும் போதாது. அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் பேசச் சட்டம் ஏற்கும் ஆள், விண்ணப்பிக்க வேண்டும். அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதில் ஒருவர் மனநல மருத்துவர். சேர்க்கை அதிகபட்சம் 30 நாள். பெண்களையும் சிறாரையும் சேர்த்தால் மூன்று நாளுக்குள்ளும், மற்றவர்களைச் சேர்த்தால் ஏழு நாளுக்குள்ளும் மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு 72 மணி நேர வரம்பு, அது 94-ஆவது பிரிவு. இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இவை தேவைப்படுவது பெரும்பாலும் நள்ளிரவில், நான்கு உறவினர்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. பொது ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காக முயல்வது மட்டுமே அதில் குற்றம். இதைத் தெரியாமல் இன்னும் பயந்து, பிழைத்தவரை வீட்டிலேயே ஒளித்துவைக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தானே.

"மகனை 'மாற்றித் தாருங்கள்' என்று பெற்றோர் காலில் விழுகிறார்கள். மூத்த டாக்டர்கள் முன்பு செய்ததுதானே?"

செய்தார்கள். செய்தது தவறு. தன்பால் ஈர்ப்பு நோய் இல்லை; அதை "மாற்ற" எந்தச் சிகிச்சையும் இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று இத்தகைய மாற்றுச் சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே இது உங்கள் சொந்தக் கருத்துக்கு விடப்பட்ட விஷயம் அல்ல.

அந்த வழக்கில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. இந்த விஷயம் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்புக்கு முன் ஓர் உளவியலாளரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டார் நீதிபதி. அதை உத்தரவிலும் எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? பெற்றோரை விரட்டாதீர்கள். அவர்களுடைய பயத்துக்கும் தூக்கமின்மைக்கும் சிகிச்சை உண்டு. நோயாளி அவர்கள் கூட்டி வந்த பையனாக இல்லாமலும் இருக்கலாம்.

"வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில். அதையே நோயாளியிடம் தமிழில் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது."

இளையவர்கள் தனியாக அழைத்துக் கேட்பது இது. எங்கள் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் முழுக்கத் தமிழில் நடத்துகிறோம். ஸ்லைடு கிடையாது, ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி, ஒருவர் மாமியார். முதல் ஆண்டு, மின் அதிர்வு சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்குவது போல் நடிக்கச் சொன்னோம். எம்.டி.யில் முதல் மதிப்பெண் வாங்கிய ஒருவர் "வலிப்புத் தூண்டல்" என்று ஆரம்பித்தார். மாமியாராக நடித்த மூத்த மேடம், "கரண்டா வைக்கப்போகிறீர்கள்?" என்று ஒரே அடி அடித்தார். முதல் மதிப்பெண்காரர் வாயடைத்து நின்றார். கூடம் சிரித்து முடித்த பிறகுதான் வேலை தொடங்கியது: "ஆமாம், மிகக் குறைந்த அளவு மின்சாரம்தான். மயக்கம் கொடுத்துத்தான் வைப்போம், வலி தெரியாது. சில நாள் ஞாபக மறதி இருக்கலாம்." இந்த மூன்று வாக்கியத்துக்கு வந்து சேர எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

எதிர்ப்பக்கமும் கற்க வேண்டும். "மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. "எதிலும் பிடிப்பில்லை", "நெஞ்சில் கல் வைத்தது போல் இருக்கிறது", "உடம்பெல்லாம் எரிச்சல்" என்பார்கள். வடசென்னையில் ஒரு சொல், தாம்பரத்தைத் தாண்டினால் வேறு சொல். செய்வினை என்று சொல்பவரிடம் உடனே அறிவியல் பேசுவது எனக்கு வெற்றி தந்ததே இல்லை. "யார் வைத்ததாக நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் குடும்பத்தின் முழு வரைபடமும் வந்துவிடும்.

"பெயரை மாற்றிவிட்டு என் நோயாளியின் கதையைக் கூட்டத்தில் சொல்லலாம் அல்லவா?"

பெயரை மாற்றுவது போதாது. "38 வயது, பரதநாட்டிய ஆசிரியை, மயிலாப்பூர்" என்று ஒருவர் ஆரம்பித்ததும் மூன்றாவது வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருடைய மகள் அந்த ஆசிரியையிடம்தான் நடனம் கற்றுக்கொண்டிருந்தாள். சென்னை பெரிய ஊர் போலத் தெரியும். நான்கு தெருவும் ஒரு சபாவும் சேர்ந்த ஊர்தான்.

நோயாளியின் ரகசியம் காப்பது, மேலே பேசிய 2017 சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி கடமை. எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நோய் தணிந்து அவர் தெளிவாக இருக்கும் நாளில் வாங்குங்கள். தொழில், பேட்டை, குடும்ப அமைப்பு எல்லாவற்றையும் மருத்துவ உண்மை கெடாதபடி மாற்றுங்கள். மாற்றினால் கதையே இல்லை என்றால், அந்தக் கதை கூட்டத்துக்கு உரியது அல்ல. ஸ்லைடைப் படமெடுக்க எழும் கைபேசிகளை இறக்கச் சொல்வதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது.

"என்னிடம் வந்துகொண்டிருந்தவர் போய்விட்டார் சார். இதைப் பேச ஏதாவது கூட்டம் இருக்கிறதா?"

இது மட்டும் பதிவு மேசையில் கேட்கப்பட்டதல்ல. இரவு பத்தரை மணிக்கு, போனில். ஒருவர் அல்ல, வெவ்வேறு ஆண்டுகளில் சிலர். தற்கொலைத் தடுப்புக்காக டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சினேகாவைத் தொடங்கிய ஊர் இது. அந்தத் துறையில் நம்மவர்களின் ஆய்வுகளை உலகம் படிக்கிறது. இருந்தும் தன் நோயாளியை அப்படி இழந்த மருத்துவர் எங்கே போய் உட்கார்வது என்பதற்கு நெடுநாள் எங்களிடம் பதில் இல்லை. தேசிய மாநாட்டில் இதைப் பற்றி உரை உண்டு. ஆனால் அதற்கு ஜனவரிவரை காத்திருக்க முடியாது. தூங்க முடியாத இரவுகளில் 14416 என்ற அரசு மனநல உதவி எண் மருத்துவர்களுக்கும் எடுக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் புறநோயாளிகள் நேரம் முடிந்ததும் மூத்தவர்கள் இருவர் அவருடைய கிளினிக்குக்குப் போகிறோம். கோப்பை முதல் பக்கத்திலிருந்து சேர்ந்து படிக்கிறோம். பழைய பக்கங்களில் ஓர் எழுத்தையும் திருத்தக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவோம், கை அரிக்கும். துக்கத்துக்குப் போகலாமா என்று கேட்பார்கள். குடும்பம் சம்மதித்தால் போங்கள் என்பேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். யார் கவனிக்கவில்லை, யார் மாத்திரையை நிறுத்தியது என்ற பேச்சுக்குள் நுழையாதீர்கள். இறந்தவர் உங்களிடம் சொன்னவை இறந்த பிறகும் ரகசியம்தான். ஒரு வாரம் கழித்து மறுபடி போகிறோம். பெரும்பாலும் டீ குடித்துவிட்டு வந்துவிடுவோம். அந்தச் சந்திப்புகளுக்குக் கிரெடிட் இல்லை, பதிவுத் தாளும் இல்லை. நான் பேனா கொண்டுபோவதில்லை.